வேலூரிலிருந்து ஒரே நாளில் மிளகுத் தோட்டமும் அருவியும்

சத்துவாச்சாரியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய உறவினர் கோவாவுக்குப் போய், வாசனைப் பயிர்த் தோட்டம் ஒன்றைச் சுற்றிப் பார்த்து, அருவியையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதே மாதிரி வேலூரிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பும்படி ஏதாவது இடம் உண்டா என்று கேட்கிறார். கூட வருகிறவர்கள் 68 வயது மாமியார், பத்து வயதுக்குள் இரண்டு குழந்தைகள். சொந்தக் கார் இருக்கிறது.

உண்டு, ஜவ்வாது மலை. ஆனால் எந்த இடம் என்பதைவிட எந்த வாரம் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நம் பக்கத்து மலைகளில் அருவியில் தண்ணீரும் கொடியில் மிளகும் ஒன்றாக இருக்கும் நாட்கள் மிகக் குறைவு. டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து போகிக்கு முன்னால் வரை, மொத்தம் இரண்டரை வாரம். அதற்கு முன்னால் போனால் அருவி நன்றாக இருக்கும், மிளகு வெறும் பச்சையாக, காரம் ஏறாமல் இருக்கும். மாசியில் போனால் மிளகு பறிப்பு மும்முரமாக நடக்கும், அருவியில் பாறைதான் தெரியும். பலரும் மே மாத விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டும் இல்லாமல் வெயிலில் வாடித் திரும்புகிறார்கள்.

முதலில் கோவாவை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே போண்டா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஏலக்காய், ஜாதிக்காய், கிராம்பு, மிளகு எல்லாம் ஒரே பாக்கு மரத் தோப்புக்குள் அடுக்கடுக்காக நிற்கும். காரணம் மழை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால் வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. தூத்சாகர் அருவி 300 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுவதும் அந்த மழையால்தான். வேலூருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். ஏலக்காய்க்கும் ஜாதிக்காய்க்கும் வருடம் முழுக்க ஈரக்காற்று வேண்டும். நம் மலைகளில் பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்துவிடும், அந்தச் செடிகள் தாங்காது. யாராவது வேலூர் பக்கத்தில் ஏலக்காய்த் தோட்டம் காட்டுகிறேன் என்றால் பார்வைக்காகத் தொட்டியில் வளர்த்த இரண்டு செடியாக இருக்கும்.

நம் மலைகளில் விளைவது வேறு வகை. புளி, கடுக்காய், தேன், சாமை, பலா, அதோடு நிழலும் ஈரமும் நிற்கும் இடங்களில் மிளகு. இதைப் பார்க்க நான் சொல்லும் வழி ஜவ்வாது மலையைச் சுற்றி வருவது. என் சொந்த ஊர் போளூர் பக்கம். மலையிலிருந்து புளி மூட்டையும் பலாப்பழமும் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தேன், அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் சொல்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி இதுதான். வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி. அங்கே இடதுபக்கம் திரும்பி ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர். திரும்பும்போது வந்த வழியே வராமல் போளூர் பக்கம் இறங்கி, கண்ணமங்கலம் வழியாக வேலூர். மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மலையைக் குறுக்காகக் கடப்பதால் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் வேறு வேறு காடாக இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மார்கழி மூடுபனி நெடுஞ்சாலையில் ஏழு ஏழரை வரை நிற்கும், அதுவரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

ஆம்பூரைக் காலையில் தாண்டிவிடுவீர்கள், பிரியாணிக்கு நேரமில்லை. ஆனால் குழந்தைகளிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பிரியாணியில் இருக்கும் பட்டை, கிராம்பு, ஏலக்காய் எதுவும் இந்த மண்ணில் விளைந்ததல்ல, எல்லாம் மேற்கு மலையிலிருந்தும் கடல் தாண்டியும் வந்தவை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதும் சீரகச் சம்பா அரிசியும்தான் அதற்கு அந்தச் சுவையைக் கொடுக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலில் மரப்பட்டைப் பதம் என்ற பழைய முறைக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். கடுக்காய் மரம் இந்த மலைக்காட்டில் வளர்வதுதான். மேலே போனதும் ஒரு கடுக்காயை வாங்கிக் குழந்தைகளைக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புதான் தோலையும் இறுக்குகிறது.

ஆலங்காயம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். காவலூரில் சாலையிலேயே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 725 மீட்டர் உயரம், 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. 1986-இல் அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம், போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கே தோட்டம், அருவி எல்லாம் பார்க்க நினைத்தால் இதை விட்டுவிடுவது நல்லது. அது தனியாக ஒரு நாள் போக வேண்டிய இடம்.

இனி மிளகு. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சில விவசாயிகள் பலா மரத்திலும் சில்வர் ஓக்கிலும் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். டிக்கெட், வழிகாட்டி என்று எதுவும் இல்லை. அது அவர்கள் வயல், அவர்கள் வீட்டுப் பின்பக்கம். கடைத்தெருவில் டீ குடிக்கும்போது, "மிளகு யார் போட்டிருக்காங்க, போய்ப் பார்க்கலாமா அண்ணா?" என்று கேட்டால் சொல்வார்கள். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரள மலையாளி இல்லை, மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சுற்றிக் காட்டியவருக்குக் காசு நீட்டுவதைவிட அவரிடமே அரை கிலோ மிளகோ ஒரு பாட்டில் தேனோ வாங்குவது இருவருக்கும் சங்கடமில்லாத வழி.

கொடியைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பம், அதனால் தூரத்திலிருந்து பார்க்க வெற்றிலைக் கொடி போலவே இருக்கும். மாமியாருக்கு வெற்றிலை பழக்கமிருந்தால் இலையைக் கையில் வாங்கியதுமே வித்தியாசம் சொல்லிவிடுவார். கொடி மரத்தை ஒட்டுண்ணி மாதிரி உறிஞ்சுவதில்லை, கணுவில் விடும் வேரால் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனி, ஆடியில் முதல் மழை விழுந்ததும் பூஞ்சரம் விடும். பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. மகரந்தம் பரவுவதற்கு மழைத்துளி சரத்தில் வழிந்து இறங்குவது பெரிய உதவி, அதனால்தான் பூக்கும் நேரத்தில் மழை தவறினால் சரத்தில் பாதி மணி பிடிக்காமல் இடைவெளி விட்டுப்போகும். சரத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள், மணி நெருக்கமாக இருந்தால் அந்த வருடம் ஆடி மழை நன்றாக இருந்தது என்று அர்த்தம். பூவிலிருந்து முற்றுவதற்கு ஆறிலிருந்து எட்டு மாதம். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் அந்தச் சரம் பறிக்கத் தயார். பொங்கலை ஒட்டித்தான் இந்தச் சிவப்பு தெரிய ஆரம்பிக்கும், நான் அந்த வாரங்களைச் சொன்னது இதற்காகவும்தான்.

குழந்தைகளுக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான்: கருப்பு மிளகும் வெள்ளை மிளகும் பச்சை மிளகும் ஒரே கொடியில் வருபவை. முற்றிய பச்சை மணியைப் பறித்து நான்கைந்து நாள் வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கிக் கருப்பு மிளகு. நன்றாகப் பழுத்த சிவப்பு மணியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை நீக்கிக் காயவைத்தால் வெள்ளை மிளகு. பச்சையாகவே உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஊறுகாய். ஒரு பச்சை மணியைப் பல்லில் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மாங்காய்த் தோல் மாதிரி ஒரு வாசம், ஐந்து விநாடி கழித்துக் காரம். கடையில் வாங்கும் காய்ந்த மிளகில் அந்த முதல் வாசம் இருக்காது.

இந்த மண்ணுக்கு மிளகு புதிது என்று சிலர் நினைக்கிறார்கள். செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அந்த ஆற்றங்கரையில் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் என்ற சங்க நூலில், மலைவாழ் மக்கள் அவன் முற்றத்தில் கொண்டுவந்து குவித்த பொருள்களின் நீண்ட பட்டியல் வருகிறது. அதில் கருங்கொடி மிளகின் பச்சைக் கொத்தும் உண்டு. அந்தப் பட்டியலை நினைத்துக்கொண்டு ஒரு மிளகுச் சரத்தைத் தொடும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

வாங்கும்போது இரண்டு சோதனை போதும். ஒரு கைப்பிடி மிளகைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு பெரும்பாலும் மூழ்கும், பிஞ்சும் சொத்தையும் மிதக்கும், கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதையும் மிதக்கும். இன்னொன்று எடை. ஒரு லிட்டர் அளவு நல்ல மிளகு அரை கிலோவுக்கு மேல் நிற்கும். தோட்டத்தில் வாங்கும் மிளகு முழுதாகக் காய்ந்திருக்காது, வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டுவிட்டு டப்பாவில் அடைத்தால்தான் பூஞ்சை பிடிக்காது.

புளிக்கு நீங்கள் போகும் நேரம் பருவம் இல்லை. மாசி, பங்குனியில்தான் உலுக்குவார்கள், அப்போது வீட்டு வாசல்தோறும் ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மார்கழிக் கடைசியில் மரத்தில் காய் தொங்குவதைத்தான் பார்க்கலாம். கடையில் இருப்பது போன வருடப் புளி, கருத்திருக்கும். ரசத்துக்குப் பழைய புளிதான் நன்றாக இருக்கும் என்பது எங்கள் வீட்டுக் கட்சி. வாங்குவதென்றால் தயங்காமல் வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மலையில் கடைகள் குறைவு, விடுமுறை நாளில் ஒரு மணிக்கே தீர்ந்துவிடும். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் போதும். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக்கையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

அருவிக்கு வருவோம். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் பீமன் அருவி. பெரிய உயரம் இல்லை, பாறையில் படர்ந்து இறங்கும் வகை. கோவா அருவியின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் பார்வையில் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் தூத்சாகரைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும், பீமனில் தண்ணீர் அளவாக இருக்கும்போது பக்கத்தில் போய்க் காலை நனைக்கலாம். குழந்தைகளுக்கு அதுதான் வேண்டும்.

பயப்படவேண்டியது ஒன்று உண்டு, இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம் இந்த மலையில் ஒரு ஓடையில் நாங்கள் நான்கு பேர் இறங்கியிருந்தோம். தலைக்கு மேல் வெயில். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. திடீரென்று ஓடையின் சத்தம் மாறியது, கலகலவென்று இருந்தது கனத்துப் பேச ஆரம்பித்தது. கூட இருந்த உள்ளூர்ப் பெரியவர், "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார். நாங்கள் கரையேறிப் பையை எடுப்பதற்குள் நாங்கள் நின்ற பாறை மூழ்கிவிட்டது. செருப்புகள் போயின, அவ்வளவோடு தப்பித்தோம். மேலே எங்கோ பெய்த மழை கீழே வெயிலடிக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் கலங்கினால், காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் மாறினால், யோசிக்காமல் மேலே ஏறுங்கள். குழந்தைகளை அருவிக்கு நேர் கீழே தேங்கும் பள்ளத்தில் விடவேண்டாம், ஆழம் தெரியாது. பாசிப் பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும், பின்பக்கம் வார் வைத்த பழைய ஷூ போட்டு வரட்டும். மாமியாரை மேலே நிழலில் உட்காரவைத்து ஒரு ஃபிளாஸ்க் காபியைக் கையில் கொடுத்துவிடுங்கள், இறங்கச் சொல்லவேண்டாம்.

ஏலகிரி ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, நீண்ட பயணம் ஆகாது என்றால் ஏலகிரிதான் சரி. 14 கொண்டை ஊசி வளைவு, நல்ல ரோடு, மேலே புங்கனூர் ஏரி, சாப்பிட ஓட்டல்கள். அங்கிருந்து ஓடும் அட்டாறுதான் திருப்பத்தூர் பக்கம் ஜலகாம்பாறை அருவியாக விழுகிறது. காரில் போகிறவர்கள் மலையிலிருந்து இறங்கித் திருப்பத்தூர் வழியாகச் சுற்றித்தான் அருவிக்குப் போக வேண்டும், பலரும் மேலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். நிலாவூரிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தும் இறங்கலாம், ஆனால் குழந்தைகளோடு வேண்டாம். அருவியின் அடியில் முருகன் கோவில் இருக்கிறது, கிருத்திகை நாட்களில் கூட்டம் நிரம்பிவிடும். வாசனைப் பயிர் என்று பார்த்தால் ஏலகிரியில் கிடைப்பது குறைவு, அதனால்தான் என் முதல் தேர்வாக இல்லை.

பாதி நாள்தான் கிடைக்கும் என்றால் அமிர்தி. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையின் அடிவாரம். சிறிய உயிரியல் பூங்காவும் காட்டுக்குள் நடந்து போனால் ஒரு அருவியும் உண்டு. மழை முடிந்த சில வாரங்களுக்குத்தான் தண்ணீர்.

இல்லை, குழந்தைகளுக்குத் தோட்டம் என்றால் தோட்டமாகவே காட்ட வேண்டும் என்று நினைத்தால் ஏற்காடு போங்கள். அங்கே 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் நிழலில் காபி, அந்த மரங்களில் மிளகு, நடுவில் சர்வசுகந்தி மரம். சர்வசுகந்தி இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தாற்போல் மணக்கும். டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் சிவந்து நிற்கும். கிளியூர் அருவி ஏறக்குறைய 300 அடி. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அதற்குப் போகிறது, அதனால் ஏரி தளும்பாத வருடத்தில் அங்கே இறங்கிப் பயனில்லை, படிகளும் கடினம். காட்பாடியிலிருந்து சேலத்துக்கு ரயிலில் 200 கிலோமீட்டருக்குச் சற்றே மேல், மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். பிறகு 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். தனியாளாக இருந்தால் ஒரே நாளில் முடிக்கலாம். உங்கள் குடும்பத்தோடு என்றால் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள், இல்லையென்றால் குழந்தைகள் தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஜவ்வாது என்று முடிவு செய்தால் இரண்டு எச்சரிக்கை. காணும் பொங்கலன்று போகவேண்டாம், சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் இருக்கும். அப்புறம், முதல் நாள் நல்ல மழை பெய்திருந்தால் அருவிக்கு வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று ஜமுனாமரத்தூரிலேயே கேட்டுவிடுங்கள். தடை என்றால் கோமுட்டேரியில் படகு சவாரி இருக்கிறது, குழந்தைகள் அதிலும் சமாதானமாவார்கள்.

கிளம்பும் நேரம் நாலரை. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். போளூர் இறக்கத்தில் வளைவுகள் அதிகம், விளக்குகள் இல்லை, மார்கழியில் ஆறு மணிக்கே காடு இருட்டிவிடும். ஐந்தரைக்குள் அடிவாரத்தில் இருந்தால் போளூரில் நிதானமாக டீ குடித்துவிட்டு எட்டு மணிக்கு முன்னால் சத்துவாச்சாரியில் இருப்பீர்கள்.